ஓரம் பிரிக்கும் விரல்கள்

ஆடி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பொன்செல்வி பஸ்ஸை விட்டு இறங்கி, சாலைக் கடைத்தெருவின் சேற்றைத் தாண்டி வலியசாலைப் பக்கத்துச் சந்திலிருந்த வீட்டுக்கு வந்தபோது, அவள் புருஷனின் இரண்டு கைகளும் கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

கட்டியது மகன் செல்வகணேஷ்தான். பழைய தோர்த்துத் துண்டைக் கிழித்து, நோகாத மாதிரிதான் கட்டியிருந்தான். மணிக்கட்டுக்கும் துணிக்கும் இடையில் பஞ்சு வைத்திருந்தான். ஆத்திரத்தில் கட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. உட்கார்ந்து யோசித்துப் பஞ்சு தேடி எடுத்திருக்கிறான். வீரபாண்டி ஓட்டுக்கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கட்டுக்கு வெளியே நீண்டிருந்த விரல்கள் மட்டும் நிற்கவில்லை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, அங்கே இல்லாத எதையோ பிடித்துத் தேய்த்துத் தேய்த்து இழுத்துக்கொண்டிருந்தன.

"எதுக்குல கட்டுன?"

"கையப் பாரும்மா. பாத்துட்டுப் பேசு." செல்வகணேஷ் அடுக்களை வாசலில் நின்றான். சட்டையில் ரத்தக்கறை. "கஞ்சி எடுக்கப் போயிட்டுத் திரும்பி வாரதுக்குள்ள டிரஸ்ஸிங்க முழுக்கப் பிச்சுப் போட்டாரு. தோலு கையோட வருது. நா எத்தன நேரம் பிடிச்சு வைக்க?"

"அதுக்கு? மாட்டக் கட்டுத மாதிரி கட்டுவியா?"

"நீ ஒண்ணு மனசிலாக்கும்மா. எனக்கு வய்ய. ஆறு நாளும் செவத்துல தொங்கி ஏசி மாட்டுதேன். ஒரு ஞாயிறு. அந்த ஒரு நாளும் இப்படின்னா நா என்ன செய்ய?"

பொன்செல்வி குனிந்து கட்டை அவிழ்த்தாள். அவிழ்த்த மறுநிமிஷம் வலது கை நேராக இடது முழங்கைக்குத்தான் போனது. அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் சேலை முந்தானையைக் கொடுத்தாள். விரல்கள் முந்தானையின் ஓரத்தைக் கண்டுபிடித்து, அதில் நடக்க ஆரம்பித்தன. செல்வகணேஷ் வாசல்படியில் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுப்பில் கஞ்சி தீய்ந்த வாடை வந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

வீரபாண்டிக்கு வள்ளியூர்ப் பக்கம். மீசை அரும்பும் வயதில் மலையாளக்கரைக்கு வண்டியேறி வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்த்து, பிறகு மாவு பிசைந்து, கடைசியில் பரோட்டா மாஸ்டர் ஆனவர். எண்ணெய் பூசிய மேடையில் மாவுருண்டையைத் தட்டி, இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து வீசினால் மாவு கண்ணாடித்தாள் மாதிரி விரியும். அடியிலிருக்கும் கல்லின் நிறம் அதற்குள்ளே தெரியும். அவர் வீசுவதைப் பார்க்கவென்றே தெருவில் நின்றுபோகிறவர்கள் உண்டு.

மறதி மெல்லத்தான் வந்தது. மாவில் இரண்டு தடவை உப்புப் போட்டார். சால்னாவை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே போனார். ஒருநாள் ஓட்டலிலிருந்து வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் கிள்ளிப்பாலத்தில் நின்று அழுதார். தெரிந்த ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார். மெடிக்கல் காலேஜில் படமெடுத்துப் பார்த்து, மூளை சுருங்கி வருகிறது, இனி திரும்பாது என்றார்கள். இந்த வயதில் வருவது அபூர்வம் என்றும் சொன்னார்கள். அபூர்வம் என்ற சொல்லைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பேரெல்லாம் போயிற்று. மகனை, பழைய ஓட்டல் பையன் யாரோ என்று நினைத்தார். ஆனால் விரல்கள் மட்டும் வேலையை விடவில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒரு ஓரத்தைத் தேடின. போர்வை, ஜன்னல் திரை, காலண்டர் தாள், சுவரில் காறை பெயர்ந்த இடம், எல்லாவற்றையும் பிரித்தன. எதுவும் கிடைக்காதபோது இடது கையின் தோலைப் பிரித்தன. வீடு தேடி வந்து நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ் யூனிட்டிலிருந்து ஜினு என்ற நர்ஸ் பெண் வந்து புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டுப் போவாள். ஒரு பக்கம் ஆறி வரும்போது மறுபக்கம் பிரிந்திருக்கும்.

பொன்செல்விக்குத் தையல் வேலை. முன்பு சாலையில் ஒரு சட்டைத் தையற்கடைக்குக் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பட்டன் துளையின் ஓரம் பிரியாதபடி நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டும் வேலை. அதற்கு மிஷின் வந்த பிறகு சாஸ்தமங்கலத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஸ்மிதா அவளைக் கூப்பிட்டாள். கசவுச் சரிகை வைத்த ஓணச் சேலையில் மயில், யானை, தாமரை என்று வண்ணத்துணியில் வெட்டி ஒட்டி, அதன் ஓரம் முழுவதும் கையால் காஜா தைக்க வேண்டும். அதுதான் அந்தச் சேலைக்கு அழகு. ஊசியைத் துணிக்குள் இறக்கி, ஓரத்தில் நூல் வளையத்துக்குள் எடுத்து இழுத்தால் ஒரு கண்ணி. கண்ணிகள் எல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி. மயிலின் அலகு மாதிரிக் கூரான இடத்தில் ஒரே துளைக்குள் ஊசியை மறுபடி மறுபடி இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த முனை முதல் சலவையிலேயே தூக்கிக்கொள்ளும்.

வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால்தான் அந்த வேலையை எடுத்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைப்பாள். ஒரு கண் சேலையில், ஒரு கண் அவர் கையில்.

ஆவணி பிறந்து ஓண வேலை குவிந்த வாரத்தில், ரேஷன் கடைக்குப் போனவள் வரிசையில் நின்று திரும்ப நேரமாகிவிட்டது. தையல் துணியை எப்போதும் பரணில் வைத்துவிட்டுத்தான் போவாள். அன்று மறந்துபோனாள். வந்து பார்த்தால் வீரபாண்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். மடியில் சேலை. மயிலின் தோகை பாதி எழும்பி நின்றது. அவர் கண்ணிகளை ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி, நூலை இழுத்து, அடுத்த கண்ணிக்குப் போய்க்கொண்டிருந்தார். இழுத்த இழுப்பில் சேலையின் இழையும் அறுந்து ஓட்டை விழுந்திருந்தது.

அரிசிப் பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் கையில் ஓங்கி அடித்தாள். பிறகு மறுபடியும் அடித்தாள். எத்தனை நாள் ராத்திரித் தூக்கம் அந்தத் தோகையில் இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

அவர் சுவரோடு ஒண்டிக்கொண்டார். "அடிக்காதீங்க அக்கா," என்றார். "இனிமே செய்ய மாட்டேன் அக்கா."

ஓட்டலில் பாத்திரம் தேய்த்த காலத்தில் யாரிடமோ சொன்ன சொல்லாக இருக்க வேண்டும். பொன்செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நா அக்கா இல்லங்க," என்றாள். "நா பொன்செல்வி." அவர் அந்தப் பேரை முதல்முறையாகக் கேட்பவர் மாதிரித் தலையாட்டினார். அடித்த கையைத் தடவிக்கொடுக்க எடுத்தபோதுதான் பார்த்தாள். காலையில் ஜினு கட்டிவிட்டுப் போன கட்டு அப்படியே இருந்தது. ஒரு இழைகூடக் கலையவில்லை.

மறுநாள் சேலையை எடுத்துக்கொண்டு சாஸ்தமங்கலம் போனாள். ஸ்மிதா மேசையில் விரித்துப் பார்த்தாள்.

"சேச்சி, இதெந்தா? தோகை எவிடெ?"

"வீட்டுல அவரு பிரிச்சிட்டாரு மோளே."

ஸ்மிதா கத்துகிற பெண்ணில்லை. கொஞ்சநேரம் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது துபாய்க்குக் கொண்டுபோக வேண்டிய சாரி. நாளைக்கு ஃப்ளைட். நா அவங்ககிட்ட என்ன பறயும்?" என்றாள். பிறகு, "சேச்சியோட கஷ்டம் எனிக்குத் தெரியும். ஆனா இனி வீட்டுக்குத் துணி தர முடியாது. இங்க வந்து இருந்து தைச்சா வேலை எப்பவும் உண்டு."

"அவர விட்டுட்டு எப்படி மோளே வர?"

ஸ்மிதா சேலையை மடித்து வைத்தாள். பொன்செல்வி வாசல்வரை வந்தாள். வெட்டிப்போட்ட துண்டுத்துணிகள் மூலையில் ஒரு சாக்கில் கிடந்தன. "அந்த வேஸ்ட் துணிய எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டாள்.

"எதுக்கு சேச்சி?"

"சும்மாதான்."

வீட்டுக்கு வந்து, மகனுடைய பழைய யூனிஃபார்ம் பேன்ட் இரண்டைப் பிரித்து, மடி கொள்ளுகிற அளவுக்கு ஒரு துணியாகச் சேர்த்துத் தைத்தாள். கெட்டித்துணி, இழுத்தால் கிழியாது. சாக்கைக் கவிழ்த்துத் துண்டுகளைப் பரப்பினாள். மயில் வேண்டாம் என்று தோன்றியது. கையில் வந்த வெள்ளைத்துணியை வட்டமாக வெட்டி வைத்தாள். ஒரு வாழையிலை வெட்டினாள். ஒரு மீன். ஓரத்தைத் தடித்த நூலில் காஜா தைத்தாள். கடைசி முடிச்சை மட்டும் போடாமல் நுனியை வெளியே விட்டாள். ஒரே இழுப்பில் வராது. கண்ணி கண்ணியாகத் தேடி, நெம்பி, இழுத்தால்தான் கழலும்.

வாழ்க்கை முழுக்கப் பிரியாமலிருக்கத் தைத்தவள், பிரிவதற்கென்று தைத்தது அன்றைக்குத்தான்.

துணியை அவர் மடியில் விரித்தபோது முதலில் அவர் அதைத் தொடவில்லை. அடிக்குப் பயந்தவர் போல அவளைப் பார்த்தார்.

"உங்களுக்குத்தான். பிரிங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

விரல் மெல்லப் போயிற்று. வெள்ளை வட்டத்தின் ஓரத்தைச் சுற்றி வந்தது. திடீரென்று அவர் இரண்டு உள்ளங்கைகளையும் வட்டத்தின் இரண்டு பக்கமும் வைத்து நடுவை நோக்கிச் சட்டென்று அடித்தார். துணி புடைத்து எழுந்தது. பொன்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சுட்ட பரோட்டாவைக் கல்லிலிருந்து எடுத்து அடுக்கு அடுக்காகப் பிரியும்படி அடிக்கும் அடி அது. மறுபடியும் அடித்தார். பிறகு நூல் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் வட்டமும் இலையும் கழன்றிருந்தன. அவள் மறுபடி தைத்தாள். மறுநாள் பிரித்தார். தைத்தாள்.

"சேச்சி, புண்ணு நல்லா உணங்கி ஆறுதே," என்றாள் ஜினு, அடுத்த வாரம் கட்டை மாற்றும்போது. துணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது யாரு சொல்லித் தந்தா?"

"அவருதான்."

செல்வகணேஷுக்குத்தான் ஒப்பவில்லை. வேலைக்கு வேலை போயிற்று. அம்மா உட்கார்ந்து ஒன்றுக்கும் உதவாத துணியைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் மரச்சீனிக் கிழங்கும் மத்திக் கறியும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டைத் தள்ளினான்.

"பகல் பூரா அவரு பிரிப்பாரு. அந்தியில நீ தைப்ப. இது என்ன வேலம்மா? யாருக்கு லாபம்?"

"உங்கப்பா பரோட்டா அடிச்சாரே, அதுல ஒண்ணாவது மறுநாளைக்கு இருந்துதா? அன்னன்னைக்கே தின்னு தீந்துதான போச்சு. அதுலதான நீ வளந்த."

அவன் தள்ளிய தட்டை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டான். பிறகு தணிந்த குரலில் சொன்னான். "விதுரா பக்கம் ஒரு இடம் இருக்கும்மா. இந்த மாதிரி ஆளுகள வச்சுப் பாக்குதாங்க. நல்ல இடம்ன்னு கூட வேல செய்யுதவன் சொன்னான். ஒரு பெட்டு ஒழிஞ்சிருக்காம். உனக்கும் தூக்கம் இல்ல. உன்னைய யாரு பாக்குததுன்னு நீ யோசிச்சியா?"

அவள் எதிர்த்துப் பேசுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். பொன்செல்வி மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கி வைத்தாள். "சரி," என்றாள். உண்மையில் அவளுக்கும் முடியவில்லை. இடுப்பில் ஒரு வலி உட்கார்ந்திருந்தது. அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போதெல்லாம் கண் இருட்டியது. யாரிடமும் சொல்லவில்லை.

ஓணம் கழிந்த மறுவாரம் ஒரு காரில் போனார்கள். நெடுமங்காடு தாண்டியதும் ரப்பர் மரங்கள் ரோட்டின் மேல் கவிந்துகொண்டன. தூரத்தில் பொன்முடி மலை மேகத்துக்குள் கிடந்தது. வீரபாண்டி பின்சீட்டில் மடித்துணியின் வாழையிலையைப் பிரித்துக்கொண்டே வந்தார். ஒரு தடவை நிமிர்ந்து, "ஊருக்கா போறோம்?" என்று கேட்டார். "ஆமாங்க," என்றாள் அவள்.

இடம் சுத்தமாகத்தான் இருந்தது. டெட்டால் வாசனை. வரிசையாகக் கட்டில்கள். ஜன்னலுக்கு வெளியே பலாமரம். பொறுப்பிலிருந்த அம்மாள் நல்லவள், வீரபாண்டியின் தாடையைத் தொட்டு, அப்பாவைக் கூப்பிடும் குரலில், "அச்சா, சாப்பிட்டோ?" என்று கேட்டாள். அவர் மடியிலிருந்த துணியைப் பார்த்ததும் தயங்கினாள்.

"இது இங்க வேண்டாம் கேட்டோ. நூல வாயில போட்டா தொண்டையில குடுங்கி அடைச்சுக்கும். ஒரு தடவ அப்படி ஆயிருக்கு. நாங்க வேற வழி வச்சிருக்கோம்."

அந்த வழியை அவர்கள் ஜன்னலோரக் கட்டிலில் பார்த்தார்கள். ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் மணிக்கட்டோடு கட்டிய வெள்ளைத் துணிப்பை. விரல் வெளியே தெரியாது. பைக்குள்ளே பஞ்சு வைத்திருந்தார்கள். அவர் ஒரு பையை இன்னொரு பையின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. பை வழுக்கி வழுக்கிப் போயிற்று. மறுபடி மறுபடி தேய்த்தார். முகத்தில் ஒரு புகாரும் இல்லை.

பொன்செல்வி பார்வையைத் திருப்பிக்கொண்டு, கொண்டுவந்த வேட்டி சட்டைகளைக் கட்டிலின் மேல் அடுக்கத் தொடங்கினாள். அவள் மனசைக் கெட்டியாக்கிக்கொண்டுதான் வந்திருந்தாள். செல்வகணேஷ் அந்தப் பெரியவரின் முன்னாலேயே நின்றான்.

"அம்மா."

"என்னல?"

"துணிய எடு. போவோம்."

"எங்க?"

"வீட்டுக்கு."

பொன்செல்விக்குக் கோபம் வந்தது. "விளையாடுதியா? நீதான கூட்டியாந்த? நா ராத்திரி பூரா அழுது தீத்துட்டு வந்திருக்கேன். இனிமே திருப்பிக் கூட்டிட்டுப் போயி யாரு பாப்பா? என்னால முடியல மக்கா. சத்தியமா முடியல."

அவள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதேயில்லை. அவன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நா பாக்குதேன்."

"நீ எப்படிப் பாப்ப? கட்டிப் போட்டா?"

சொன்ன பிறகு அவளுக்கே பொறுக்கவில்லை. செல்வகணேஷ் தலை குனிந்துகொண்டான். அழவில்லை. "அன்னைக்குப் பஞ்சு வச்சேன்மா," என்றான். "பஞ்சு வச்சா நோகாதுன்னு நெனச்சேன்."

பொறுப்பிலிருந்த அம்மாள் அவர்களைத் தடுக்கவில்லை. தேவைப்பட்டால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடச் சொன்னாள். திரும்பி வரும்போது வீரபாண்டி வாழையிலையை முடித்துவிட்டு மீனைத் தொடங்கியிருந்தார்.

அதன்பிறகு வீட்டு நடப்பு மாறியது. செல்வகணேஷ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீடுகளுக்குப் போய் ரிப்பேர் பார்ப்பதை மட்டும் வைத்துக்கொண்டான். அதையும் அந்திக்கு மேல்தான் ஒத்துக்கொண்டான். பகலில் பொன்செல்வி சாஸ்தமங்கலம் போய் ஸ்மிதாவின் கடையில் உட்கார்ந்து தைத்தாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மற்றப் பெண்களோடு கொஞ்சம் கண்ணயர்ந்தாள். இடுப்பு வலியை ஜினுவிடம் சொன்னாள்.

முதல் வாரத்திலேயே ஒருநாள் அவளுக்கு ஃபோன் வந்தது.

"அம்மா, எல்லாத்தையும் பிரிச்சு முடிச்சிட்டாரு. இப்பம் கைத்தோலுக்குப் போறாரு. இந்தக் காஜாவ எப்படித் தைக்கணும்?"

"ஊசில நூல் கோத்தியா?"

"கோத்துட்டேன்."

"ஓரத்துல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளிக் குத்து. குத்தி வெளியே எடுக்கும்போது நூலு ஊசிக்கு அடியில கெடக்கணும். இழு. ரொம்ப இழுக்காத, துணி சுருங்கும்."

"சுருங்கிட்டு."

"சாரமில்ல, இருக்கட்டும். அடுத்தத குத்து."

ஃபோனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு அவன் தைத்தான். அவள் கடையில் யானையின் காதைத் தைத்துக்கொண்டே கேட்டாள். ஊசி விரலில் ஏறியபோது அவன் மலையாளத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அதைக் கேட்டு வீரபாண்டி சிரித்த சத்தமும் ஃபோனில் வந்தது. அந்திக்கு வந்து பார்த்தபோது, மகன் தைத்த கண்ணிகள் ஒன்று நெடிதும் ஒன்று குட்டையுமாக, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தன. அவள் அதைப் பிரித்துச் சரிசெய்யவில்லை. பிரிக்கிறவர் பிரித்துக்கொள்வார்.

ஐப்பசி வந்தது. மத்தியானம்வரை வெயில் காய்ந்து, பிறகு இடியோடு மழை கொட்டும் துலாமழைக் காலம். வீரபாண்டியின் இடது கையில் புண் முழுக்க ஆறி, புதுத்தோல் வெளிறிய நிறத்தில் பளபளத்தது. அவர் நாளுக்கு நாள் மெதுவானார். முன்பெல்லாம் காலையிலேயே முடிகிற வட்டம் அந்திவரை நீண்டது. கஞ்சியை விழுங்க நேரமாயிற்று. ஜினு ஒருநாள் பொன்செல்வியை வாசலுக்குக் கூட்டிப்போய், இனி கை ஓயும், பிறகு விழுங்குவதும் நிற்கும், பயப்படக் கூடாது, நாங்கள் கூட இருப்போம் என்று சொன்னாள். பொன்செல்வி கேட்டுக்கொண்டாள். மகனிடமும் சொன்னாள்.

ஒரு வியாழக்கிழமை, மழையில் நனைந்த சேலையோடு வந்து அவள் வாசலில் காலைக் கழுவினாள். செல்வகணேஷ் படியில் உட்கார்ந்திருந்தான். ரிப்பேர் பை தோளில் இல்லை.

"வேலைக்குப் போகலியா மக்கா?"

"இல்ல."

"ஏதாவது குடிச்சாரா?"

"கொஞ்சம் கஞ்சித்தண்ணி."

"சரி, நூல எடு. தச்சு வச்சிட்டு அடுப்பப் பத்த வைக்கேன்."

"வேண்டாம்மா," என்றான் அவன். "இன்னைக்கு ஒண்ணும் பிரிக்கல."

பொன்செல்வி தலையைத் துவட்டாமல் உள்ளே போனாள். மடியில் துணி அப்படியே இருந்தது. வட்டம், இலை, மீன். நேற்று ராத்திரி அவள் தைத்த கண்ணிகள் ஒன்றும் குறையாமல், ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் நின்றன. இத்தனை மாதத்தில் அந்தத் துணியை முழுசாக அவள் பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது. வீரபாண்டியின் கைகள் அதன் மேல் மல்லாந்து கிடந்தன. கண் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்தது.

கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வட்டத்தின் ஓரத்திலிருந்த நூல் நுனியைத் தேடி எடுத்தாள். அவருடைய பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதை வைத்து, மேலே தன் விரல்களை வைத்து மூடினாள். இழுத்தாள். கண்ணி ஒன்று கழன்றது.

"பாருங்க, வந்துட்டு," என்றாள்.

அவர் விரலில் அசைவு ஏதும் இல்லை. கை சூடாகத்தான் இருந்தது. செல்வகணேஷ் உள்ளே வந்து சுவரோரம் நின்றான். வெளியே ஓட்டின் மேல் மழை வலுத்தது. பொன்செல்வி கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு, அவர் விரலோடு சேர்த்து அடுத்த கண்ணியையும் இழுத்தாள்.